மூன்றாம் ஷிஃப்டின் தேதி

இதில் என் சொந்தத் தேதிகள் எதையும் எழுதப் போவதில்லை. உலகம் சரிபார்த்த தேதிகள் சிலவற்றை மட்டும் எழுதுகிறேன். 14 செப்டம்பர் 2015: இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வு பூமியைக் கடந்துபோனதைக் கருவிகள் முதன்முதலாகப் பிடித்த நாள். 10 ஏப்ரல் 2019: கருந்துளையின் முதல் படம் வெளியான நாள். 23 ஆகஸ்ட் 2023: நிலவின் தென்துருவத்துக்கு அருகே நம் கலம் இறங்கிய நாள். இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் மனைவி எந்த விடியலில் எத்தனை முறை இருமினாள் என்பதில்தான் சந்தேகம். அதை எழுதி வைத்தவன் நான்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் ஒவ்வொன்றாக எண்ணி, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கிற வேலை. முதல் ஷிஃப்ட் காலை ஆறுக்கு, இரண்டாவது மதியம் இரண்டுக்கு, மூன்றாவது இரவு பத்துக்கு. எங்களுக்கு நாள் என்பது காலை ஆறு மணிக்குப் பிறந்து மறுநாள் காலை ஆறுக்கு முடிவது. மூன்றாம் ஷிஃப்டில் விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கிய பெட்டிக்கும் ஷிஃப்ட் தொடங்கிய தேதியைத்தான் போடுவோம். சேர்ந்த முதல் வாரத்திலேயே கைக்குப் பழகிவிடும். அதன் பிறகு யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை.

வீடு திருவொற்றியூரில். அறிவியல் செய்தி எதைப் பார்த்தாலும் வெட்டி நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி போடும் பழக்கம் வேலையில் இருந்தபோதே தொடங்கியது. இயற்பியல், வானியல், உயிரியல் என்று மூன்று நோட்டுகள். ஈர்ப்பலைச் செய்தி வந்தபோது பத்திரிகையில் ஒரு பக்கம் முழுவதும் போட்டிருந்தார்கள். மடக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாயா இது?”

“நூத்தி முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு கருந்துளை முட்டிக்கிச்சு. அந்த அதிர்வு இப்பதான் நம்மகிட்ட வந்து சேந்துக்குது.”

“அது முட்டிக்கினதுக்கு நீ இன்னிக்கு பசை தடவிக்கினு கீற. மாவு மிஷினுக்குப் போன்னு சொல்லி ஒரு மணி நேரம் ஆவுது, அது இன்னும் உன்கிட்ட வந்து சேரல.”

கருந்துளைப் படத்தைப் பற்றி நான் அதிகம் பேசியதும் அவளிடம்தான். உலகத்தின் பல மூலைகளில் இருந்த வானொலித் தொலைநோக்கிகள் ஒரே சமயத்தில் ஒரே இடத்தைப் பார்த்தன. ஒவ்வொன்றின் பதிவிலும் அணுக்கடிகாரத்தின் நேரம் இருந்தது. பிறகு எல்லாப் பதிவுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். நேரம் இம்மி பிசகியிருந்தாலும் படம் கிடைத்திருக்காது. “தேதியும் நேரமும் சரியா இல்லன்னா கண்ணே இல்லாத மாதிரி” என்று அவளிடம் விளக்கினேன்.

அவள் இராயபுரத்துக்காரி. மாதா கோயில் மணி கேட்கும் தெருவில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு, காசிமேட்டில் மீன் எடுத்து வந்து சாயங்காலம் வாசலில் வறுத்து விற்றாள். பன்னிரண்டு வருடம். விறகு அடுப்பு. விறகு கொண்டுவந்தவன் நான். கப்பலில் சரக்கு அசையாமலிருக்க அடியில் கட்டைகள் போடுவார்கள். சரக்கு இறங்கிய பிறகு அவை கழிவு. கேட்டில் சீட்டு வாங்கி சைக்கிளில் கட்டி எடுத்து வருவேன். எந்த நாட்டு மரம், என்ன மருந்து அடித்தது என்று யாருக்கும் தெரியாது. நன்றாக எரியும். எங்கள் மகன் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினான். எட்டு வயதில் அவனுக்கு வீசிங் வந்தது. இப்போது காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். இன்றும் சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வேலைக்குப் போவதில்லை.

மகன் கல்யாணமாகித் தனியாகப் போன பிறகு இவளுக்கு இருமல் தொடங்கியது. மீன் கடையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. வறட்டு இருமல், பெரும்பாலும் விடிவதற்கு முன். அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவுக்கு மேற்கிலிருந்து ஒரு வாடை வரும். சில நாள் அழுகிய முட்டை, சில நாள் அடுப்பில் வைத்த தார். ஆலைகள் பல, யாருடையது என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டு வருகிறது என்றார். வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்டார். முன்பு விறகு என்றாள். அவர் தலைநிமிராமல் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அடுப்ப கேட்டாரு. வெடிகாலைல வர்ற வாடைய பத்தி ஒரு வார்த்த கேட்டாரா?”

“கேக்கல.”

“நீ இவ்ளோ பேப்பர் படிக்கிறியே, நீ சொல்லு. அடுப்பா, காத்தா?”

“எப்டி சொல்றது?”

“எனக்கு இன்னா வந்தா இன்னாயா, வயசாச்சு. ஆனா அடுப்புன்னா, புள்ளைக்கும் நான்தானே குடுத்துக்கிறேன்.”

அதன் பிறகு அவள் வேறு எதையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. குணமாகுமா என்றுகூட டாக்டரிடம் கேட்டதில்லை. அடுப்பா, காத்தா என்பதுதான் ஒரே கேள்வி.

ஆராய்ச்சி மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தது இதற்கு அடுத்த வருடம். வண்ணாரப்பேட்டையில் மொத்தத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். மெட்ரோவில் இறங்கி, கறுப்பு முக்காட்டின் மேல் ஒரு தொப்பியும் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வருவாள். எதிர்ப்புறப் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் அனுமதி வாங்கி ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தியிருந்தாள். காற்றில் உள்ள வாயுவையும் தூசியையும் அது நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யும். சுற்றியுள்ள வீடுகளில் இருமல் உள்ளவர்கள் ஒரு வருடம் தினமும் குறிப்பு எழுத வேண்டும். இரண்டையும் ஒப்பிடுவது அவளுடைய ஆய்வு.

“பெட்டி என்னா காட்டுதுன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன் அங்கிள். நீங்க எழுதறத நானும் பாக்க மாட்டேன். வருஷம் முடிஞ்சதும் ரெண்டையும் பக்கத்துல வெப்போம்.”

“ஏம்மா அப்டி?”

“பாத்துட்டா எழுதற கை ஒரு பக்கமா சாஞ்சுடும்.”

“கண்ணாலம் வரிக்கும் மாப்ள மூஞ்சிய பொண்ணுக்குக் காட்டாத மாதிரி” என்றாள் என் மனைவி. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம். நான் படித்து ஒட்டிவந்த ஆராய்ச்சிகளில் ஒன்று முதல்முறையாக எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது. என் மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆராய்ச்சி.

மாணவி படிவத்தை எடுத்தாள். “தேதி, நேரம் எப்டி போடுவீங்க அங்கிள்? சில பேரு...”

“முப்பத்து நாலு வருஷம் தேதி போட்ட கைம்மா இது. நீ அத மத்தவங்ககிட்ட கேளு.”

“தேதிதான் அவருக்கு மூத்த தாரம்” என்றாள் இவள். “நான் ரெண்டாவது.”

மாணவி சிரித்துக்கொண்டே படிவத்தை மூடிவிட்டாள்.

ஒரு வருடம் எழுதினேன். தேதி, வாடை, இருமல் என்று மூன்று பத்திகள். வாடைக்கு இல்லை, லேசு, கடுமை. இருமலுக்கு டாலி கோடு. அவள் இருமி எழுந்ததும் நானும் எழுவேன். தலைமாட்டில் நோட்டு, அப்போதே எழுதிவிடுவேன். நேரத்துக்குத் தனிப் பத்தி வைக்கவில்லை. எப்போதும் விடிவதற்கு முந்தின நேரம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் உயிரியல் நோட்டில் ஒரு செய்தி ஒட்டினேன். காற்றில் உள்ள நுண்தூசி நுரையீரலில் புதிதாகச் சேதத்தை உண்டாக்குவதை விட, ஏற்கெனவே கெட்டு உறங்கிக்கொண்டிருக்கும் செல்களை எழுப்பிவிட்டுப் புற்றாக்குகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அவளுக்கு வந்தது வேறு நோய், இருந்தாலும் படித்துக் காட்டினேன்.

“தூங்கிக்கினு கீறத ஏன்யா எழுப்புது? அதுக்கு வேற வேல இல்லியா?” என்றாள். பிறகு, “அப்போ அடுப்பு தூங்க வெச்சிருக்கும், காத்து எழுப்பி இருக்கும். ரெண்டும் கூட்டுக் களவாணிங்களா?” என்றாள். அவளைவிடச் சரியாக அந்தச் செய்தியைப் புரிந்துகொண்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

வருடம் முடியும்போது அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் இயந்திரம் கட்டிலுக்கு அருகே இரைந்துகொண்டிருந்தது. மாணவி நோட்டை வாங்கிப்போய் மூன்று வாரம் கழித்து வந்தாள். இவள் தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மடிக்கணினியில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். நீலம் பெட்டியுடையது. சிவப்பு எங்களுடையது. இரண்டும் ஏறி இறங்கின. ஆனால் சிவப்பு முதலில் ஏறியது, நீலம் மறுநாள்.

“ஆன்ட்டிக்கு இருமல் முதல்ல வந்துடுது அங்கிள். காத்து கெட்டுப்போறது அடுத்த நாள். காரணம் பின்னால வர முடியாதே.”

“வாடையும் எழுதிருக்கேனே?”

“அதுவும் ஒரு நாள் முன்னாடிதான் இருக்கு.” தயங்கினாள். “ஆன்ட்டி இருமினதும் வாடை இருக்கற மாதிரி உங்களுக்குத் தோணியிருக்கலாம். இல்லன்னா... தேதில ஏதாவது தப்பு இருக்குமா அங்கிள்?”

“இருக்காது.”

இரண்டாவது முறையும் அவள் கேட்டாள், இரண்டாவது முறையும் நான் யோசிக்கவில்லை. மற்ற வீடுகளின் குறிப்புகள் பெட்டியோடு ஓரளவு ஒத்துப்போகின்றன என்றும் சொன்னாள். எழுந்து போகும்போது ஒன்றை அழுத்திச் சொன்னாள்: “அடுப்புதான்னு இது சொல்லல அங்கிள். உங்க குறிப்பு காத்தோட பொருந்தலன்னு மட்டும்தான் சொல்லுது.”

நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, “காற்று அல்ல” என்று எழுதினேன். மாணவி கடைசியாகச் சொன்னதை எழுதவில்லை. உள்ளே போய் மனைவியிடம் சொன்னபோதும் அதை விட்டுவிட்டேன்.

“காத்து இல்லியாம்.”

மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தாள். “மெஷினே சொல்லிச்சா?”

“ம்.”

“அப்போ அடுப்புதான்.”

மறுநாள் பரணிலிருந்து பழைய மீன் வறுக்கிற சட்டியை எடுக்கச் சொல்லி, காயலான் கடைக்குப் போடச் சொன்னாள். அன்று சாயங்காலம் மகனுக்கு போன் போடச் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, “நைனா, உன்ன அடுப்பாண்ட உக்கார வெச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கடா” என்றாள். அவன் மறுமுனையில் ஏதோ சிரித்துப் பேசுவது கேட்டது. இவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவன் வந்தபோதெல்லாம் அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விறகு யார் கொண்டுவந்தது என்று ஒருநாளும் அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிச் சுமையாவது என் பக்கம் வந்திருக்கும்.

அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனாள். காசிமேட்டுக் கல்லறையில் அவள் அப்பா அம்மா இருக்கிற வரிசையிலேயே இடம் கிடைத்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பகலில் நூலகத்துக்குப் போய் உட்காருவேன். ஒருநாள் வானியல் வரலாறு பற்றிய ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. 1925 வரை வானியலாளர்களின் நாள் நள்ளிரவில் தொடங்கவில்லை, நண்பகலில் தொடங்கியது. இன்றும் அவர்கள் நாட்களை வரிசையாக எண்ணும் கணக்கு நண்பகலில்தான் மாறுகிறது. காரணம் எளிது: ஓர் இரவின் பதிவு இரண்டு தேதிகளாக உடைந்துவிடக் கூடாது.

நம்ம மூன்றாம் ஷிஃப்ட் மாதிரி என்று நினைத்துச் சிரித்தேன். மனைவி போன பிறகு முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் என் இருமல் நோட்டு நினைவுக்கு வந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, முதலில் வானியல் நோட்டைத் திறந்தேன். புதிய விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படம் 2022 ஜூலையில் வெளியானபோது நான் விழித்திருந்தேன். அவள் இருமியதில் எழுந்தவன், போனில் பார்த்து அப்போதே குறித்தேன். நம் ஊரில் அது ஜூலை 12, விடிவதற்கு முன். நோட்டில் 11 என்று இருந்தது. பின்னால் ஒரு வெளிநாட்டுக் கட்டுரையிலும் 11 என்று படித்து, நம் தேதி சரிதான் என்று டிக் அடித்திருக்கிறேன். அமெரிக்காவில் அப்போது 11ஆம் தேதி சாயங்காலம். அவர்கள் தேதி அவர்கள் ஊர்க் கடிகாரத்தால் 11. என் தேதி மூன்றாம் ஷிஃப்டால் 11.

ஓய்வு பெற்றும் என் நாள் காலை ஆறு மணிக்கே பிறந்துகொண்டிருந்தது. இருமல் நோட்டில் விடியலில் எழுதியதெல்லாம் முந்தைய நாளின் தேதியில் இருக்கிறது. பெட்டியின் நாளோ நள்ளிரவில் மாறுகிறது. ஒரே விடியலின் வாடையும் இருமலும் என் நோட்டில் நேற்று, பெட்டியில் இன்று.

மாணவிக்கு போன் செய்தேன். அடுத்த நாளே வந்தாள். மனைவியின் படத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன்.

“நான் அன்னிக்கே விடாம கேட்டிருக்கணும் அங்கிள்.”

“நீ கேட்டம்மா. ரெண்டு தடவ.”

“ஒரு நாள் நகத்தினா பொருந்தும்னுதான் நினைக்கிறேன்.” மடிக்கணினியை அவள் திறக்கவில்லை. “ஆனா ரிசல்ட்ட பாத்தப்புறம் நகத்தக் கூடாது. முதல்லயே பொருந்தியிருந்தா நீங்க தப்பத் தேடியே இருக்க மாட்டீங்க, இல்லையா?”

அது உண்மை. எங்கள் வேலையிலும் கப்பல் புறப்பட்ட பிறகு டாலி ஷீட்டில் எண்ணிக்கையைத் திருத்த விடமாட்டார்கள். எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்த பிறகு எல்லோருக்கும் ஒரு மூட்டை ஞாபகம் வரும்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரு பக்கம் விடாம எல்லாமே ஷிஃப்ட் தேதிதான்னு உறுதியா சொல்ல முடியுமா? முடிஞ்சா என் ரிசர்ச் கைட்கிட்ட பேசிப் பாக்கறேன்.”

முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நோட்டைப் புரட்டினேன். நடுவில் ஒரு பக்கத்தில் கை நின்றது. என் மனைவியின் பிறந்தநாள். அன்று விடியற்காலை நான்கு மணி வாக்கில் கடுமையாக இருமி எழுந்தாள். தண்ணீர் கொடுத்து வாழ்த்துச் சொன்னேன். “பல்லு கூட வெளக்கல, அதுக்குள்ள வாழ்த்தா, போயா” என்றாள். அந்த இருமலுக்கு முந்தைய நாளின் தேதியைப் போட எனக்கு மனம் வரவில்லை. பிறந்தநாள் தேதியைப் போட்டிருக்கிறேன். ஷிஃப்ட் தேதி அல்ல, கடிகாரத் தேதி.

அதற்குப் பிறகு வந்த பக்கங்களைப் பார்த்தேன். சிலவற்றில் மை வேறு. விடியலில் எழுதியதா, விடிந்து காபி குடித்த பிறகு எழுதியதா என்று எனக்கே தெரியவில்லை. பிறந்தநாள் பக்கத்தை மாணவியின் பக்கம் திருப்பிக் காட்டினேன். நான் அதை ஒளித்திருக்கலாம்.

அவள் அதைப் படித்துவிட்டு நோட்டை மூடினாள். “அப்போ ஆன்ட்டியோட குறிப்ப ரெண்டு பக்கமும் சேக்க முடியாது அங்கிள். எடுத்துடறேன். ஏன் எடுத்தேன்னு ஒரு வரி எழுதிடறேன்.”

“எழுதும்மா.”

வாசல் வரை போனவள், மொட்டைமாடிப் பெட்டியை அடுத்த வாரம் கழற்றிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் மகனுக்கு போன் செய்தேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்தான். பின்னால் இரைச்சல். அடுப்புதான் என்று அம்மா முடிவுக்கு வரும்படி நான் சொன்னது தவறு என்றேன். காற்று என்றும் சொல்ல முடியாது என்றேன். விறகு கொண்டுவந்தது நான் என்பதையும் சொன்னேன்.

“அப்போ கடைசியா இன்னாதான்பா?”

“தெரியலடா.”

“அத அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லிருக்கலாமேபா. தெரியலன்னு. எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு. நான் இன்னாவோ காமெடின்னு நெனச்சி சிரிச்சிட்டேன்.”

இரைச்சலில் அவன் இருமுவது கேட்டது. பிறகு இன்ஹேலரை ஒரு முறை அழுத்துகிற சத்தம். வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

டாலி ஷீட்டில் எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இருமல் பத்திகளை நான் தொடவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். “காற்று அல்ல” என்பதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன். மேலே “தெரியாது” என்று எழுதினேன். சுருக்கொப்பம் வைத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டேன்.